மூன்றாம் லெவலின் ஒன்பதாம் பாடம்

எங்கள் இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துத்தான் அந்தப் பரீட்சையை வைத்தார்கள். என் மனைவியை நாலாம் லெவலில் போட்டார்கள். என்னை ஒன்றாம் லெவலில்.

ராஸ் அல் கைமாவில் ஒரு ஸ்டேஷனரிக் கடைக்கு மேலே, மாடியில் நடந்தது அந்த இங்கிலீஷ் வகுப்பு. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓரிரு வருடம் கழிந்திருந்த காலம். நான் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். அவள் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். மூன்று வயது மகளைத் தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் கடற்கரை ஊரில், அவளுடைய அக்கா வீட்டில் விட்டிருந்தோம். வேறு வழியிருக்கவில்லை. ஒரு பழைய வில்லாவை ஆறு குடும்பங்களுக்குப் பிரித்து விட்டிருந்ததில் எங்களுக்கு ஒரு ரூம். இருவருக்கும் ஷிஃப்ட் டூட்டி. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

அயர்லாந்துக்கு நர்ஸ் எடுக்கிறார்கள், அங்கே போனால் குடும்பத்தோடு இருக்கலாம் என்று அவளோடு வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரத் தோழி சொல்லியிருந்தாள். அதற்கு ஓர் இங்கிலீஷ் பரீட்சை தேற வேண்டும். பரீட்சை அவளுக்கு மட்டும்தான். என்னையும் வகுப்பில் சேரச் சொன்னது அவளேதான்.

"நீங்களும் சேருங்க. அங்க போனா உங்களுக்கும் பேச வேணும்லா. நான் டூட்டிக்குப் போயிட்டா பிள்ளையோட ஸ்கூலுக்கு நீங்கதானே போவணும்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் சேர்ந்தேன். ஏதோ ஒரு குளிர் ஊரில், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நிற்பதாக ஒரு படம் மனதில் விழுந்துவிட்டது.

லெவல் பார்க்கும் தாளில் ஐம்பது கேள்விகள். பத்தாவது கேள்விக்கு மேல் எனக்கு ஓடவில்லை. அவள் முன்னதாகவே முடித்துவிட்டாள். முடித்தது தெரியாமல் இருக்க, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்த பிறகுதான் எழுந்தாள். ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். அவளுடையது கெட்டி அட்டை போட்ட பச்சைப் புத்தகம். என்னுடையதன் அட்டையில் ஓர் ஆப்பிளும் ஒரு பூனையும் இருந்தன. படியிறங்கும்போது என் புத்தகத்தை வாங்கித் தன் பைக்குள் அடியில் வைத்துக்கொண்டாள். வழியில் எங்கள் கம்பெனி ஆட்கள் யாராவது பார்த்துவிடக் கூடாதே என்று நினைத்திருக்கிறாள். எனக்காகச் செய்ததுதான். ஆனால் அது என்னைச் சுட்டது.

ஒன்றாம் லெவலில் எட்டுப் பேர் இருந்தோம். பெஷாவர்க்கார டாக்ஸி டிரைவர் ஒருவர், வங்காளதேசத்துத் தையல்காரர்கள் இருவர், ஒரு மலையாளி சமையல்காரர், இன்னும் சிலர். சொல்லிக் கொடுத்தவர் கொழும்பிலிருந்து வந்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. தமிழ் தெரியும். ஆனால் வகுப்பில் பேச மாட்டார். 'ஐ ஆம், யூ ஆர், ஹீ இஸ்' என்று நாங்கள் சேர்ந்து சொல்லும்போது சிரிக்காமல் கேட்ட ஒரே ஆள் அவர்தான். எங்களுக்கே சிரிப்பு வந்தது.

அதுவரை எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையில் இத்தாலிக்கார இன்ஜினியரிடம் "சார், ரோலர் ஜாம். பேரிங் ஃபினிஷ். டூ அவர், ஆல் ஓகே" என்பேன். அவருக்குப் புரியும். அவர் சொல்லுவதும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருக்கும். வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிறகு அந்தப் பேச்சு போய்விட்டது. 'ரோலர் இஸ் ஜாம்' என்பதா, 'ஜாம்டு' என்பதா என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். நான் பேசியதெல்லாம் தப்பு என்று தெரிந்துவிட்டது. சரி எதுவென்று இன்னும் தெரியவில்லை. ஒருநாள் சூளை நின்றுவிட்டது. இன்ஜினியர் எதிரில் வாயைத் திறந்தபடி நின்றேன். பஞ்சாபி ஃபோர்மேன் தோளைத் தட்டி, "க்யா ஹுவா பாய், போலோ, ஜல்தி" என்று சீக்கிரம் சொல்லச் சொன்னார். இந்தியில் சொன்னேன். அவர் அதை என் பழைய இங்கிலீஷில் இன்ஜினியருக்குச் சொன்னார்.

வீட்டில் அவள் எனக்குச் சொல்லிக் கொடுப்பாள். கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்து, நான் எழுதிய பயிற்சியைப் பென்சிலால் திருத்துவாள். சிவப்புப் பேனா எடுக்கவே மாட்டாள். ஒருநாள் ஒரே பக்கத்தில் பதினொரு திருத்தம். பன்னிரண்டாவதில் பென்சிலைப் பிடுங்கி எறிந்துவிட்டேன்.

"நீ எனக்குப் பொண்டாட்டியா, டீச்சரா?"

அவள் கீழே குனிந்து பென்சிலை எடுத்தாள். முனை உடைந்திருந்தது. "சரி, இனிமே திருத்தல," என்றாள். அதோடு நிறுத்தியும் விட்டாள். நான் கேட்பேன் என்று அவளும், அவளாக வருவாள் என்று நானும் காத்திருந்தோம்.

பரீட்சையில் பேசுவதற்கும் மார்க் உண்டு. அதற்காக அந்த பிலிப்பைன்ஸ்காரியோடு போனில் பேசிப் பழகுவாள். நான் அருகில் இருந்தால் பொதுச் சமையலறைக்குப் போய்விடுவாள். கதவு வழியாகக் குரல் மட்டும் வரும். இங்கிலீஷில் அவள் வேறு ஆளாக இருந்தாள். சத்தமாகச் சிரித்தாள். "நோ, நோ, ஐ டோன்ட் திங்க் ஸோ" என்று எதிர்த்துப் பேசினாள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் என்னிடம் ஒரு தடவைகூட அவள் தமிழில் அப்படி மறுத்துப் பேசியதில்லை. அதை நான் அதுவரை கவனித்ததுமில்லை.

அவள் முதல் தடவையிலேயே தேறினாள். பிறகு துபாயில் ஒரு ஹோட்டலில் இன்டர்வியூ. ஷேரிங் டாக்ஸியில் இருவரும் போனோம். நான் கீழே லாபியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் லிஃப்டிலிருந்து இறங்கி வந்த முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"எடுத்துட்டாங்க. ரெண்டு மூணு மாசத்துல அங்கருந்து போன் பண்ணுவாங்களாம். வரேன்னு உறுதி சொன்னதும் விசா பேப்பர் அனுப்புவாங்களாம்."

அப்போது நான் இரண்டாம் லெவல் முடிக்கப் போகும் நிலையில் இருந்தேன்.

போன் வந்த அன்று எனக்கு ஆஃப். அவள் நைட் டூட்டி முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மதியம் ஒரு மணி இருக்கும். அவளுடைய மொபைல் ஜன்னலோரம் சார்ஜில் கிடந்தது. அடித்ததும் எடுத்து, நடைக்கு வந்து கதவைச் சாத்தினேன். முந்தின இரவு கிளினிக்கில் ஒரே கூட்டம், உட்காரக்கூட நேரமில்லை என்று வந்ததும் சொல்லியிருந்தாள். கால்களைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். தூங்கட்டும் என்று நினைத்தேன். அது நிஜம். நானே பேசிப் பார்ப்போம் என்றும் நினைத்தேன். அதுவும் நிஜம்.

ஒரு பெண் குரல். மரியாதையான குரல். அவள் பெயரைச் சொல்லிக் கேட்டது.

"ஷீ இஸ் ஸ்லீப்பிங். ஐ ஆம் ஹர் ஹஸ்பண்ட்," என்றேன். தப்பில்லாமல் வந்தது. உடம்பெல்லாம் ஒரு தெம்பு.

எழுப்ப வேண்டாம், ஒரே ஒரு விஷயம்தான் என்று அந்தப் பெண் சொன்னது புரிந்தது. பிறகு கேட்டாள்: "ஷீ ஹேஸன்ட் சேஞ்ச்டு ஹர் மைண்ட், ஹேஸ் ஷீ?"

முழு வாக்கியமும் எனக்குப் புரிந்தது. அதில்தான் எனக்கு அத்தனை சந்தோஷம். உங்கள் மனைவி மனம் மாறவில்லையே என்று கேட்கிறாள். ஆமாம், மாறவில்லை.

"யெஸ், யெஸ் மேடம்," என்றேன்.

அந்தக் குரல் சற்றே இறங்கியது. "ஓ. ஆர் யூ ஷ்யூர்?"

"யெஸ் மேடம். ஷ்யூர்."

அதற்கு அவள் என்னமோ சொன்னாள். 'தட்ஸ் ப்ரிட்டி' என்று என் காதில் விழுந்தது. தெரியப்படுத்தியதற்கு நன்றி என்றாள். நானும் நன்றி சொன்னேன். வைத்துவிட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவள் எழுந்ததும் டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"ஏ புள்ள, அயர்லாந்துலருந்து போன் வந்துச்சு."

"ஐயோ! என்னைய எழுப்ப வேண்டியதுதானே?"

"எதுக்கு? நான்தான் பேசிட்டேன்லா. நீ வருவியான்னு கேட்டா. யெஸ்னு சொல்லிட்டேன்."

"இங்கிலீஷ்லயா பேசுனிய?"

"பின்ன, இந்தியிலயா?"

"வேற என்ன சொன்னாங்க?"

"ப்ரிட்டின்னா. தேங்க் யூன்னா."

"என்னைய பாக்காமலேயா ப்ரிட்டிங்கா?" என்று சொல்லிச் சிரித்தாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் கேட்ட அதே சத்தச் சிரிப்பு. பென்சிலை எறிந்த நாளுக்குப் பிறகு என்னிடம் அப்படிச் சிரித்தது அன்றுதான். ஊருக்குப் போன் போட்டு அக்காவிடம், "அவரே இங்கிலீஷ்ல பேசி முடிச்சிட்டாருக்கா" என்றாள். கிளினிக்கில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். அந்த வாரமே பிள்ளைக்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கினாள். இரண்டு சைஸ் பெரிதாக.

விசா பேப்பர் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். இன்டர்நெட் கடைக்குப் போய் மெயில் அனுப்பினாள். நாலு நாள் கழித்து இரண்டு வரியில் பதில் வந்திருந்தது. இந்த முறைக்கான பட்டியல் முடிந்துவிட்டது, எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். அவ்வளவுதான். திரையிலிருந்த வரிகளை அவள் எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். குரல் மாறாமல் சொன்னாள். வெளியே வந்து ரோட்டைக் கடக்கும்போது, "பச்சை விழுந்துட்டு, வா" என்று நான் அவளிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் தன் தப்பைத் தேட ஆரம்பித்தாள். இன்டர்வியூவில் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும், தான் சொன்ன ஒவ்வொரு பதிலையும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

"'ஐ ஆம் ஹேவிங் ஃபைவ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்'னு சொல்லிட்டேன்க. 'ஐ ஹேவ்'னு சொல்லணும். ஹேவிங் வராது. எனக்குத் தெரியும், நல்லாத் தெரியும். பதட்டத்துல வந்துட்டு. அந்தம்மா அப்பவே ஏதோ எழுதுனா."

"அதுக்காகவா விடுவாங்க?"

"பின்ன எதுக்கு?"

அன்றைக்கு உண்மையாகவே எனக்குத் தெரியாது.

நான் மூன்றாம் லெவலுக்குப் போனேன். அவள்தான் நிறுத்தாதீர்கள் என்றாள். நான் போகாவிட்டால் எல்லாம் முடிந்துபோனது மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். வகுப்பில் எட்டுப் பேர் நாலு பேராகியிருந்தோம். பெஷாவர் டிரைவர் இன்னும் இருந்தார்.

ஒன்பதாவது பாடம். ஒரு வாக்கியத்தைச் சொல்லி, கடைசியில் அதையே சின்னக் கேள்வியாகத் திருப்பிக் கேட்பது. டீச்சர் அதைப் போர்டில் எழுதிவிட்டு பெஷாவர்க்காரரிடம் திரும்பினார்.

"யூ ஆர் நாட் மேரீட், ஆர் யூ?"

அவர் கல்யாணம் ஆகாதவர். "யெஸ் மேடம்," என்றார் கம்பீரமாக.

"ஓ! வென் வாஸ் தி வெட்டிங்?"

அவர் முழித்தார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். டீச்சர் தையல்காரரிடம் கேட்டார், என்னிடம் கேட்டார். ஒவ்வொருவரும் அதே மாதிரி விழுந்தோம். பிறகு நிதானமாக விளக்கினார். நம்முடைய மொழிகளில் கேட்பவர் சொன்னதை ஒத்துக்கொண்டு 'ஆமாம்' என்போம். 'நீ சாப்பிடலையா?' 'ஆமா, சாப்பிடல.' இங்கிலீஷில் அப்படி இல்லை. நடந்திருந்தால் யெஸ். நடக்காவிட்டால் நோ. கேள்வி எப்படி வந்தாலும் சரி. எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அன்று முதல் தடவையாகத் தமிழில் என்னிடம் சொன்னார்: "நீங்க யெஸ்னு சொன்னா, அவங்களுக்கு அது தலைகீழா விளங்கும். 'மாறல' என்டு நீங்க நினைப்பீங்க. அவங்க 'மாறிட்டுது' என்டு எடுப்பாங்க."

அவர் ஏதோ உதாரணத்துக்குத்தான் 'மாறுவது' என்ற சொல்லை எடுத்தார். போர்டில் வேறு எழுத்துகள் இருந்தன. எனக்கு அந்த மதியமும் சாத்திய கதவும் நடையும்தான் தெரிந்தன. உங்கள் மனைவி மனம் மாறவில்லையே? யெஸ் மேடம். நிச்சயமாகவா? ஷ்யூர்.

வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் மட்டும் போய் ஒன்று கேட்டேன். ஒருவர் வரமாட்டார் என்று தெரிந்தால் இங்கிலீஷில் என்ன சொல்வார்கள்? ப்ரிட்டி மாதிரி ஒரு சொல் உண்டா?

"பிட்டி," என்றார். "தட்ஸ் எ பிட்டி. அடடா, என்டு சொல்றது போல."

வீட்டுக்கு நடந்தே போனேன். அவள் கதவைத் திறந்து, "ஏன் இப்படி வேத்திருக்கு? என்ன பாடம் இன்னைக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. பழைய பாடம்தான்."

அங்கே ஆரம்பித்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு அவள் நைட் டூட்டி. வெள்ளிக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் பிறகு சொல்லலாம். வெள்ளிக்கிழமை பிள்ளையோடு போனில் பேசிவிட்டு அழுதுகொண்டிருந்தாள். பிள்ளை பெரியம்மாவை 'அம்மா' என்றும், இவளை 'துபாய் அம்மா' என்றும் கூப்பிட ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு எப்படிச் சொல்வது? இப்படியே ஐந்து மாதம் போயிற்று. அந்த ஐந்து மாதமும் அவள் அந்த 'ஹேவிங்'கைத் தன் தலையில் சுமந்துகொண்டு நடந்தாள். டாக்டர்களிடம் இங்கிலீஷில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பிலிப்பைன்ஸ்காரி போன் செய்தால் எடுப்பதில்லை. தான் தேறிய பரீட்சையே ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்படியெல்லாம் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்துகொண்டே.

மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு விண்ணப்பத்தைத் தோழி கொடுத்தனுப்பினாள். அதை இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு அவள் சொன்னாள்: "ஒரு வாக்கியம் ஒழுங்காப் பேசத் தெரியாதவ, அங்க போயி எந்த நோயாளியப் பாக்கப் போறேன்?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, கடற்கழி ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே அலையாத்திச் செடிகளுக்குள் கொக்குகள். போன் வந்தது முதல் ஒன்பதாம் பாடம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் கேட்ட வாக்கியத்தை அப்படியே சொன்னேன். நான் சொன்ன பதிலையும் சொன்னேன். நான் முடிப்பதற்குள்ளேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் நாலாம் லெவல் படித்தவள்.

பிறகு கேட்டாள்.

"என்னைய ஏன் எழுப்பல?"

"அசந்து தூங்கிட்டு இருந்த. கால் வீங்கியிருந்துச்சு."

தலையாட்டினாள். அதை நம்பினாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவள் கண்ணில் கோபம் இல்லை. என் கையைக்கூட ஒருமுறை தொட்டாள். எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் அடுத்த கேள்வி வந்தது.

"இந்தப் பாடம் எப்ப நடத்துனாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். போன வாரம் என்று சொல்லியிருக்கலாம்.

"அஞ்சு மாசம் ஆச்சு."

தொட்ட கையை எடுத்துக்கொண்டாள்.

"போன்ல சொன்னது தெரியாமச் சொன்னது. யாருக்கும் வரும். எனக்கே வரும்," என்றாள். "இந்த அஞ்சு மாசம் நான் மடச்சி, மடச்சின்னு என்னையே ஏசிட்டு இருந்தேன். நீங்க பாத்துக்கிட்டு இருந்திய."

நான் அழுதேன். அவள் அழவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க, பஸ் போயிரும்" என்றாள்.

அவள் மறுநாளே அந்த அயர்லாந்து ஆஸ்பத்திரிக்கு மெயில் எழுதினாள். அன்பான பதில் வந்தது. நடந்ததற்கு வருந்துகிறோம், உங்களை எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஆனால் உங்கள் பரீட்சை மதிப்பெண்ணின் இரண்டு வருடக் காலக்கெடு போன மாதம் முடிந்துவிட்டது, மறுபடி எழுதித் தேறினால் சொல்லுங்கள். போன மாதம். நான் அந்த ஐந்து மாதத்தில் முதல் மூன்று மாதத்துக்குள் எந்த நாளில் வாயைத் திறந்திருந்தாலும் போதுமாக இருந்திருக்கும். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. மறுபடி பரீட்சை எழுதவும் இல்லை.

அந்த வருடம் லீவில் ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. எங்களுக்குள் சண்டை எதுவும் நடக்கவில்லை. பிள்ளையோடு இருக்கப் போகிறேன் என்றாள். ஏர்போர்ட்டில் என் மாத்திரைகளை எங்கே வைத்திருக்கிறாள், எந்தச் சட்டைக்குப் பொத்தான் தைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள். நான் வகுப்பை விட்டேன். தொழிற்சாலையில் பழையபடி உடைந்த இங்கிலீஷ் பேச முயன்றேன். அதுவும் முன்பு போல வரவில்லை. இந்தியிலேயே காலத்தை ஓட்டினேன்.

பிள்ளை அவளிடம் ஒட்ட இரண்டு வருடம் ஆனதாம். இராத்திரி ஆனால் பெரியம்மா வீட்டுக்கு ஓடிவிடுமாம். அக்கா வீட்டு வாசலில் நின்று, "வா மக்களே, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்று இவள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாளாம். இதெல்லாம் அக்கா என்னிடம் சொன்னது. அவள் போனில் "எல்லாரும் சுகம்" என்பாள்.

இன்னும் சில வருடம் அங்கே வேலை பார்த்துவிட்டு நானும் முடித்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவள் பக்கத்து டவுனில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். மீன் முள்ளில்லாத துண்டை என் தட்டில் வைக்கிறாள். எதற்கும் குறை சொல்ல முடியாது. அவளுடைய காரியங்களை மட்டும் என்னிடம் சொல்வதில்லை.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் சாமியார் அறிவிப்புகள் வாசித்தார். கல்யாணம் நிச்சயமானவர்களின் ஓலைகளுக்குப் பிறகு, நம் பங்குக் கோவிலைச் சேர்ந்த சகோதரி ஒருவர் மிஷன் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸாகப் பொறுப்பேற்று இரண்டு வாரம் ஆகிறது, அவரை வாழ்த்துவோம் என்று என் மனைவியின் பெயரைச் சொன்னார். பெண்கள் பக்கம் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மகள் அவள் தோளில் சாய்ந்து சிரித்தாள்.

என் பக்கத்தில் நின்றவர் என்னை முழங்கையால் இடித்து, "சொல்லவே இல்லியே ஓய்!" என்றார்.

"சும்மா, அவளே சொல்லட்டும்னு இருந்தேன்," என்றேன். பிறகு நானும் கைதட்டினேன்.